வடிகட்ட வேண்டாமே!

உடம்பு தேறணும் என்று ஆட்டு நெஞ்செலும்பு வாங்கி சூப் வைக்கிறோம். வடிகட்டின தண்ணீர் நோயாளிக்கு. வெந்த கறி மற்றவர்கள் தட்டுக்கு. பல வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் புரதச் சத்தில் பெரும் பங்கு கறியிலேயேதான் இருக்கிறது. எலும்பிலிருந்து தண்ணீரில் இறங்கும் சுண்ணாம்புச் சத்தும் ரொம்பக் கொஞ்சம்.

என் மாமியாருக்குப் பல் இல்லை. மெல்ல முடியலை என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'பசிக்கலை' என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்காகக் கறியும் காயும் சேர்த்தே சூப் வைக்கிறேன்.

நெஞ்செலும்பு 1/4 கிலோ, தனிக்கறி 1/4 கிலோ, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், தட்டிய இஞ்சி, மஞ்சள்தூள், ஒன்றரை லிட்டர் தண்ணீர். குக்கரில் 7, 8 விசில் வரட்டும். ஆறியதும் எலும்பைப் பொறுக்கி விடுங்கள். (சின்னச் சில்லுகூடத் தங்கக் கூடாது, கையால் தடவிப் பார்க்கணும்.) கறியை நார் நாராகப் பிய்த்துப் போட்டு, கேரட், பீன்ஸ், நூல்கோல், தக்காளியைப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, சிறு தீயில் குழைய விடுங்கள். சோள மாவெல்லாம் எதற்கு? வெந்த துவரம்பருப்பு ஒரு பிடி மசித்துவிட்டால் தானாகக் கெட்டியாகும். உப்பு, மிளகு-சீரகப் பொடி கடைசியில்.

இப்போது ஒரு கிண்ணம் முழுசாகச் சாப்பிடுகிறார்கள். மேலாக மொள்ளாமல் அடிவரை கலக்கி ஊற்றுங்கள். கறியெல்லாம் அடியில்தான் கிடக்கும்.

- ஒரு வாசகி, ஈரோடு