ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் என்றால்

ரேஷன் கடையில் அரிசி போடுவதை நிறுத்திவிட்டு, அதற்கான தொகையை வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம் என்ற யோசனை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைதூக்குகிறது. நல்லதா கெட்டதா என்று ஊகிக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே புதுச்சேரியில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் மத்திய அரசின் உணவு மானியம் பணமாக மாறியது. புதுச்சேரி அரசு தன் செலவில் கொடுத்துவந்த இலவச அரிசியை என்ன செய்வது என்பதில் பிறகு பெரிய மோதல் வந்தது. அரிசியாகத்தான் தருவோம் என்றார் முதல்வர் நாராயணசாமி. பணமாகத்தான் தர வேண்டும் என்றார் துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. மத்திய அரசு பணத்தின் பக்கம் நின்றது. சென்னை உயர் நீதிமன்றம்வரை போன வழக்கிலும் 2020இல் முதல்வருக்குச் சாதகமான தீர்ப்பு கிடைக்கவில்லை. கடைகள் பூட்டிக் கிடந்தன, கடை ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். கடையைத் திறங்கள் என்ற கோரிக்கை 2024 மக்களவைத் தேர்தல்வரை ஓயவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்கு முன், கடைகள் மறுபடி திறந்தன.

பணம் வேண்டாம் என்று ஏழைகள் ஏன் சொல்ல வேண்டும்? ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகே உள்ள நக்ரியில் நடந்தது இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. அங்கே கிலோ 1 ரூபாய்க்கு அரிசி வாங்கிக்கொண்டிருந்தவர்களிடம், 2017 அக்டோபர் முதல், மானியம் உங்கள் கணக்கில் வரும், அதை எடுத்து வந்து அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய் கொடுத்து வாங்குங்கள் என்றார்கள். காகிதத்தில் கணக்கு சரிதான். ஆனால் பணம் வந்ததா, வீட்டில் யார் கணக்கில் வந்தது என்று தெரிந்துகொள்ளவே வங்கிக்கு ஒருமுறை நடக்க வேண்டும். எடுக்க இன்னொரு நாள், கடைக்கு இன்னொரு நாள். தினக்கூலிக்குப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. மக்கள் போராடினார்கள். 2018 ஆகஸ்டில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

பணமாகக் கேட்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அரிசி கடத்தல் உண்மை. அரிசி மட்டும் சத்துணவு ஆகாது, பருப்பும் முட்டையும் வாங்கக் கையில் காசு வேண்டும் என்பதும் உண்மை. இந்திய உணவுக் கழகத்தைச் சீரமைக்க அமைக்கப்பட்ட சாந்தகுமார் குழு, 2015 ஜனவரியில், பணத்துக்கு மாறலாம் என்றதோடு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பை மக்கள்தொகையில் 67 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைக்கவும் சொன்னது. என் கவலை இந்த இரண்டாவது பரிந்துரையில்தான் இருக்கிறது. சீர்திருத்தம் என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் யாரை விலக்கலாம் என்பதில் போய் நிற்கிறது. பட்டியல் குறுகும்போது வசதியானவர்கள் மட்டும் கழிந்துபோவார்கள் என்று நம்ப இடமில்லை. ஆவணம் கையில் இல்லாதவர்களும், அலுவலகம் ஏறி இறங்க நேரமில்லாதவர்களும்தான் முதலில் உதிர்கிறார்கள்.

1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து மக்களைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தபோதும் விடவில்லை. சட்டத்தின்படி கிராமங்களில் 62.55 சதவீதமும் நகரங்களில் 37.79 சதவீதமும்தான் மத்திய கணக்கில் வருவார்கள், மற்றவர்களின் அரிசியை மாநிலம் சுமக்கிறது. அதனால் உங்கள் ஸ்மார்ட் கார்டில் என்ன குறியீடு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பிஎச்எச், பிஎச்எச்-ஏஏஒய் என்றால் உங்களுக்குரியது சட்ட உரிமை. என்பிஎச்எச் என்றால் அது மாநில அரசின் திட்டம். கடையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், சிக்கல் வரும்போதுதான் வேறுபாடு புரியும்.

இன்று அதிகம் பேரைக் கடையிலிருந்து வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது கைரேகை. செங்கல் சூளையிலும் வயலிலும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. முதியவர்களுக்கும் இதே கதி. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் குடும்ப அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் வீட்டில் அரிசி இல்லை, பட்டினியால்தான் செத்தாள் என்றார் தாய். அதிகாரிகள் மறுத்தார்கள். அடுத்த மாதமே, 24ஆம் தேதி, மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது: ஆதார் இல்லை என்பதற்காக அட்டையை நீக்கக் கூடாது, கைரேகை விழாவிட்டாலோ நெட்வொர்க் இல்லாவிட்டாலோ அட்டையைப் பார்த்துப் பொருளைக் கொடுத்துவிட்டுத் தனிப் பதிவேட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ரேகை விழலம்மா, நாளைக்கு வாங்க என்று யாராவது சொன்னால், அந்தப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுங்கள் என்று கேளுங்கள். நடமாட முடியாதவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை நியமிக்க மனுக் கொடுக்கலாம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

வாங்காத பொருளை வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருவதும் நடக்கிறது. அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. 1967 என்ற எண்ணையோ 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணையோ அழைத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் சேர்ப்பு, நீக்கம், முகவரி மாற்றம் போன்றவற்றுக்கு வட்ட வழங்கல் அலுவலகம் இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமுக்கும் போகலாம். எதுவானாலும் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். வாய்மொழிப் புகாருக்குப் பின்னால் எந்தத் தடமும் இருக்காது.

தடம் ஏன் வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, உரிய தானியம் கிடைக்காதவருக்கு மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும். இந்தப் படியை அதிகம் பேர் கேட்பதே இல்லை. 2015இல் வந்த விதிகளோ, அந்த மாதம் கடைக்குப் போய்ப் பொருள் கேட்காதவருக்குப் படி கிடையாது என்கின்றன. ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் தான் போனதை எதைக் கொண்டு காட்டுவார்? அன்றே பதிவான புகார் எண்தான் உதவும். அந்தப் புகாரிலும் எதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்டக் குறைதீர் அலுவலர், அவருடைய ஆணையில் திருப்தி இல்லையென்றால் மாநில உணவு ஆணையம். அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைக் காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய்வரை அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

2025 ஜூலையில் மத்திய அரசு ரேஷன் விநியோகத்துக்கான கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியது. ஆறு மாதம் பொருள் வாங்காத அட்டை தற்காலிகமாக முடக்கப்படும், பிறகு மூன்று மாதத்துக்குள் நேரில் விசாரணை என்பது அதன் சாரம். வேலைக்காக வெளியூர் போன குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் மத்திய கணக்கில் வரும் அட்டைக்கு எந்த ஊரிலும் தானியம் வாங்கலாம், அப்படி வாங்கினாலும் அட்டை உயிரோடு இருக்கும். விசாரணைக்கு வரும்போது வீடு பூட்டியிருந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் வட்ட வழங்கல் அலுவலகத்தில் இப்போதே எழுதிக் கேளுங்கள். தகுதியுள்ள குடும்பங்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்று சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கடையில் அந்தப் பட்டியல் இல்லையென்றால் கிராம சபையில் அதைக் கேட்கலாம்.