பழைய கணக்கு, புதிய பதிப்பு

வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 அன்று 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது செப்டம்பர் 3ஆம் தேதி. இடையில் முழுதாக மூன்று வாரம்கூட இல்லை. ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட் போன்ற ஆலைகளில் மென்பொருளைக் கவனிக்கத் தனித் துறையே உண்டு. அந்த ஆலைகளை நம்பி சிப்காட்டிலும் சுற்றிலும் லேத், பிரஸ், சிஎன்சி ஓட்டும் சிறு பட்டறைகளில் கணக்குக்கு என்று பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர் முன்னால் ஒரு கணினி, அதில் டேலி என்ற கணக்கு மென்பொருள்.

22ஆம் தேதி காலையில் போடும் முதல் பில்லில் 18 சதவீதம் வர வேண்டும். ஆனால் 20ஆம் தேதி 28 சதவீதத்தில் போன சரக்கு குறைபாட்டால் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட் பழைய 28 சதவீதத்திலேயே போக வேண்டும். ஆகவே பொருளுக்கு எதிரே இருக்கும் 28ஐ அழித்துவிட்டு 18 என்று எழுதுவது தவறு. பழைய விகிதத்தை அப்படியே விட்டு, ‘செப்டம்பர் 22 முதல்’ என்று புதியதை அதன் கீழே சேர்க்க வேண்டும். இதைச் சரியான நேரத்தில், சரியான ஆளுக்குப் புரியும்படி சொல்வதுதான் அப்டேட் அறிவிப்பின் வேலை. மென்பொருள் எழுதுவதற்குத் தேவையான அதே கவனம் இதை எழுதவும் தேவை என்பது என் கருத்து.

டேலி பிறந்ததும் இந்தத் தொழிலின் பக்கத்திலேதான். ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் வியாபாரத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காததால், கணிதம் படித்த மகன் பரத் கோயங்காவிடம் ஒன்றை எழுதச் சொன்னார். அதற்கான நிறுவனம் 1986இல் பெங்களூருவில் தொடங்கியது. எம்எஸ்-டாஸில் ஓடிய சிறிய நிரலாகத்தான் அந்த மென்பொருள் பிறந்தது. அதன்பின் வாட் வந்தது, 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. சட்டம் மாறிய ஒவ்வொரு முறையும் மென்பொருளும் மாறியது. 2009இல் டேலி ஈஆர்பி 9, 2020 நவம்பரில் டேலி பிரைம்.

எல்லா மாற்றமும் ஒரே வகை அல்ல. வரி விகிதம் மாறினால் டேட்டாவுக்குள் ஒரு எண் கூடுகிறது, அவ்வளவுதான். சில பதிப்புகளில் டேட்டாவைச் சேமித்து வைக்கும் அமைப்பே மாறிவிடும். அப்போதுதான் ‘மைக்ரேஷன்’ தேவைப்படுகிறது. பழைய அமைப்பில் உள்ள ஒவ்வொரு லெட்ஜரும் வவுச்சரும் புதிய அமைப்புக்கு மாற்றி எழுதப்படும்.

2023இல் வந்த டேலி பிரைம் 3.0 இதற்கு நல்ல உதாரணம். எல்லையோர ஓசூருக்கு நேரடியாகத் தொடர்புள்ளதும்கூட. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. ஓசூர் பட்டறை தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் சூளகிரிக்குச் சரக்கு அனுப்பினால் மத்திய, மாநில ஜிஎஸ்டி எனப் பில்லில் இரண்டு வரி. எல்லைக்கு அப்பால் கர்நாடகாவில் உள்ள அத்திப்பள்ளிக்கு அனுப்பினால் ஒரே ஐஜிஎஸ்டி. இரண்டு பக்கமும் கிளை வைத்திருப்பவருக்கு இரண்டு பதிவு எண்கள் உண்டு. முன்பு டேலியில் ஒரு கம்பெனிக்கு ஒரு ஜிஎஸ்டி எண்தான் என்பதால், 33க்கு ஒரு கம்பெனி, 29க்கு ஒரு கம்பெனி என்று தனித்தனியாகக் கணக்கு வைத்தார்கள். 3.0 பதிப்பு ஒரே கம்பெனிக்குள் பல பதிவு எண்களுக்கு இடம் கொடுத்தது. அதற்காக அடித்தள அமைப்பு மாறியது. பழைய டேட்டாவை மைக்ரேட் செய்யாமல் அதில் வேலை செய்ய முடியாது.

மைக்ரேஷனை எப்படிச் செய்வது என்று சொல்லும் வழிகாட்டியில் மிக முக்கியமான வாக்கியம், எதைத் திரும்பப் பெற முடியாது என்று சொல்லும் வாக்கியம். மைக்ரேட் ஆன டேட்டாவைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆகவே முதல் வேலை பேக்கப். ‘மைக்ரேட் பட்டனை அழுத்தவும்’ என்பது ஆறாவது வரியிலும், ‘முன்னதாக பேக்கப் எடுத்திருக்க வேண்டும்’ என்பது ஏழாவது வரியிலும் இருந்தால் அந்த வழிகாட்டி ஆபத்தானது. மக்கள் மொத்தத்தையும் படித்துவிட்டுத் தொடங்குவதில்லை. ஒரு வரி படித்து ஒரு பட்டன் அழுத்துகிறார்கள். எச்சரிக்கை பட்டனுக்கு முன்னால் வர வேண்டும்.

அடுத்தது, மைக்ரேஷன் முடிந்தபின் என்ன பார்ப்பது. புதிய அமைப்பில் பொருந்தாத வவுச்சர்களை மென்பொருள் தனிப் பட்டியலாகக் காட்டும். அத்திப்பள்ளி வாடிக்கையாளரின் லெட்ஜரில் மாநிலம் ‘தமிழ்நாடு’ என்றே கிடக்கலாம். அது மென்பொருள் செய்த பிழையல்ல, எப்போதோ விழுந்த பழைய பிழை. மாற்றத்தின்போது வெளியே வருகிறது. இப்படிப் பட்டியல் வரும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், கணக்காளர் டேட்டா கெட்டுவிட்டது என்று பயந்துபோவார்.

நகல் ஒன்றில் முதலில் செய்து பார்ப்பதும் அவசியம். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். சோதனை போதாததும் அதற்கு ஒரு காரணம்.

அரசுத் தரப்பிலிருந்தும் அறிவிப்புகள் வந்தபடி இருக்கின்றன. 180 நாளுக்கு மேல் பழசான பில்லுக்கு, சரக்கை எடுத்துச் செல்லத் தேவையான இ-வே பில் எடுக்க முடியாது என்பது 2025 ஜனவரி 1 முதல் அமல். இ-வே பில் தளத்தில் நுழைய ஓடிபி கட்டாயம் என்பது பெரிய நிறுவனங்களில் தொடங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் வந்தது. ஓசூர் பட்டறை ஒன்று முலாம் பூச எல்லைக்கு அப்பால் ஜாப் ஒர்க்குக்குப் பாகங்களை அனுப்பினால், சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் இ-வே பில் வேண்டும். ஓடிபியோ பதிவு செய்த கைப்பேசிக்குப் போகும். அது முதலாளியுடையதாக இருந்து, அவர் வெளியூரில் போனை எடுக்காவிட்டால் வண்டி கேட்டிலேயே நிற்கும். கணக்காளருக்குத் தனி துணைப் பயனர் கணக்கைத் தொடங்கி அவர் கைப்பேசி எண்ணை இணைத்தால் சிக்கல் தீரும். இந்த வசதி அறிவிப்பிலேயே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஆங்கிலத்தில்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். டேட்டாவைக் காப்பாற்றும் வாக்கியம், டேட்டாவைத் தொடுகிறவரின் மொழியில் இருக்க வேண்டாமா? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. ‘எப்போதிலிருந்து, யாருக்கு, முன்னால் என்ன செய்ய வேண்டும், எதைத் திருப்ப முடியாது’ என்ற நான்கு கேள்விக்கும் விடை ஒரு பக்கத்தில் அடங்கும். ஓசூர் சிறு, குறுந்தொழில்கள் சங்கமான ஹோஸ்டியா, வரி விதியோ பதிப்போ மாறும் ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு பக்கத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். ஆடிட்டர்களும் டேலி விற்பனையாளர்களும் அதைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். அதுவரை, பட்டறைக் கணக்கு பார்க்கும் நண்பர்களே, புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் செய்தி வந்தால் மாதக் கடைசியிலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் வாரத்திலும் அதைத் தொடாதீர்கள். பேக்கப்பை எடுத்து, அந்தக் கணினிக்கு வெளியே ஒரு பென் டிரைவில் வைத்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.