களஞ்சியத்தில் அரிசி, வீதியில் பசி: 2008 தந்த வியாபாரப் பாடம்

விளைச்சல் குறைந்தால் விலை ஏறும். கடை திறந்த முதல் நாளே நாம் கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஆனால் விளைச்சல் குறையாமலே ஒரு பொருளின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறுமா? 2008ஆம் ஆண்டு அரிசிக்கு அதுதான் நடந்தது.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் தொன்னொன்று 400 டொலருக்கும் குறைவாக விற்ற தாய்லாந்து அரிசி, நான்கைந்து மாதங்களில் 1,000 டொலரைத் தாண்டியது. இத்தனைக்கும் 2007இல் உலக நெல் அறுவடை நன்றாகவே இருந்தது.

இதனை விளங்கிக்கொள்ள அரிசிச் சந்தையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அரிசி பெரும்பாலும் விளைந்த நாட்டிலேயே உண்ணப்படுகிறது. அக்காலத்தில் உலக உற்பத்தியில் சுமார் 7 வீதமே எல்லை தாண்டி விற்பனைக்கு வந்தது. இவ்வளவு சிறிய சந்தையில் ஓரிரு பெரிய விற்பனையாளர்கள் விலகினாலே விலை தலைதெறிக்க ஓடும்.

எண்ணெய் விலையேற்றம், சோளத்திலிருந்து எரிபொருள் தயாரித்தல், கோதுமைத் தட்டுப்பாடு ஆகியவற்றால் தானிய விலைகள் ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தன. தன் மக்களுக்கான கையிருப்பைக் காக்க 2007 ஒக்டோபரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசியின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2008 ஏப்ரலில் முற்றாகத் தடை செய்தது. வியட்நாமும் கதவைச் சாத்தியது. பதறிப்போன பிலிப்பைன்ஸ் பெருந்தொகை அரிசிக்குக் கேள்விப்பத்திரம் கோரியது. விற்பவர்கள் 1,000 டொலருக்கும் மேல் விலை கேட்டார்கள். 'இன்னும் ஏறும்' என்று விவசாயி நெல்லை வைத்துக்கொண்டார், ஆலைக்காரரும் வைத்துக்கொண்டார், வீட்டுக்காரரும் ஒரு மூடை கூடுதலாக வாங்கினார். தனித்தனியே ஒவ்வொருவர் செய்ததும் நியாயமாகவே தோன்றும். ஆனால் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது தட்டுப்பாட்டைத்தான்.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் யார்? ஹெய்ட்டியைப் பாருங்கள். முன்பு தனக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு அது. 1990களின் நடுப்பகுதியில் இறக்குமதி வரி 3 வீதமாகக் குறைக்கப்பட்டது. மானியம் பெற்ற அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. உள்ளூர் விவசாயி வயலைக் கைவிட்டார். மலிவு விலை இருந்தவரை எவருக்கும் குறை தெரியவில்லை. 2008இல் விலை ஏறியபோது நாட்டின் அரிசியில் ஏறக்குறைய 80 வீதம் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. வருமானத்தில் பாதிக்கு மேல் உணவுக்கே செலவிடும் மக்கள் ஏப்ரலில் வீதிக்கு இறங்கினார்கள். உயிர்கள் பலியாகின. ஏப்ரல் 12ஆம் திகதி செனட் சபை பிரதமரைப் பதவி நீக்கியது. அந்த அரிசிக் கொள்கை ஒரு தவறு என்று முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் 2010 மார்ச்சில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

விலை எப்படி இறங்கியது என்பதுதான் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம். உலக வர்த்தக உடன்படிக்கைக்காக இறக்குமதி செய்த அரிசியை ஜப்பான் தன் களஞ்சியங்களில் அடைத்து வைத்திருந்தது. அதிலிருந்து ஒரு பகுதியை விற்கலாம் என்ற செய்தி 2008 மே மாதத்தில் பரவியதும் சந்தை தளர்ந்தது. வியட்நாமும் மீண்டும் ஏற்றுமதியைத் திறந்தது. ஆண்டு முடிவதற்குள் விலை ஏறத்தாழ 600 டொலருக்கு வந்துவிட்டது. உச்ச விலையில் வாங்கிக் குவித்தவர்களின் முதல் கரைந்தது.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தபோது, உலகச் சந்தை விலை 15 ஆண்டுகளில் காணாத உச்சத்துக்குப் போனது. 2024 செப்டெம்பரில் தடை நீங்கியதும் இறங்கியது.

ஆகவே, ஒரே நாட்டை, ஒரே விநியோகத்தரை மட்டும் நம்பி வியாபாரம் செய்யாதீர்கள். பீதியால் ஏறும் விலை ஒரு செய்தியிலேயே விழுந்துவிடும். அதை நம்பிக் கடன்பட்டுச் சரக்குக் குவிக்காதீர்கள். வழமையான வாடிக்கையாளருக்கு வழமையான அளவை, நியாயமான இலாபத்தில் தொடர்ந்து கொடுங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் யார் கடையில் அரிசி கிடைத்தது என்பதை ஏழை மறப்பதில்லை. கதவைச் சாத்தியவர் யார் என்பதையும் அவர் மறப்பதில்லை.