குறை அறிந்த பெருமிதம்



பெருமிதம் என்பது எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்று. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின் வழியாக அது பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். குறையில்லாமை என்பதை அவர் அந்நான்கனுள் சேர்க்கவில்லை என்பதை நோக்குங்கள். ஆயினும், தன் நாட்டைப் பற்றிப் பெருமிதம் கொள்பவன் அதன் குறைகளை மறைத்தாக வேண்டும் என்றும், குறைகளைக் கண்டவன் பெருமிதம் கொள்ளுதல் இயலாது என்றும் பலர் எண்ணுகின்றனர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது பிலிப்பைன்ஸ் நாடு.

பல ஆண்டுகளுக்கு முன், நெல் ஆராய்ச்சியில் பயிற்சி பெறும் பொருட்டு அந்நாட்டின் லாஸ் பானியோஸ் என்னும் ஊரில் சில திங்கள் தங்கியிருந்தேன். அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-ஆம் ஆண்டில் அங்கேதான் நிறுவப்பட்டது. நம் உழவர்கள் நன்கு அறிந்த ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 என்னும் நெல் வகைகள் அந்நிலையத்தில் உருவானவையே.

ஒருநாள் மாலை, உடன் பணியாற்றிய பிலிப்பினோ நண்பர் ஒருவரும் நானும் மனிலா நகரில் ஜீப்னி ஒன்றில் சென்றுகொண்டிருந்தோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, வண்ணம் தீட்டி, பொதுமக்கள் ஏறிச் செல்லும் வண்டிகளாக அந்நாட்டார் மாற்றிக்கொண்டனர். அவற்றின் வழிவந்ததே ஜீப்னி. அன்று பெருமழை. தெருவில் முழங்கால் அளவு நீர். வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நண்பர் தம் நாட்டைப் பழிக்கத் தொடங்கினார். தூர் வாரப்படாத வடிகால்கள், கையூட்டு, சில குடும்பங்களே தலைமுறை தலைமுறையாகப் பதவிகளைப் பற்றிக்கொண்டிருத்தல் என்று அவர் அடுக்கிக்கொண்டே சென்றார். அவருக்கு ஒத்துப் பேசுவதாக எண்ணிக்கொண்டு நானும், “உலகுக்கெல்லாம் விதைநெல் தந்த நாடு, தனக்கு வேண்டிய அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறதே!” என்றேன்.

நண்பரின் முகம் மாறிற்று. ஊர் போய்ச் சேரும்வரை அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் கூறியது பொய்யன்று. ஆயினும் எங்கோ பிழை செய்துவிட்டேன் என்பது புரிந்தது. மறுநாட் காலையில் என் மேசைமேல் சிறு நூல் ஒன்று இருந்தது. பிலிப்பினோக்களின் சோம்பலைப் பற்றி ஹோசே ரிஸால் 1890-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை அது.

ரிஸால் யார் என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1861-இல் பிறந்த அவர் கண் மருத்துவர். தம் அன்னையின் கண்ணுக்கே அறுவை செய்து பார்வை அளித்தவர். 1887-இல் பெர்லின் நகரில் வெளியான ‘நோலி மெ டாங்கெரே’ என்னும் நாவலில், ஸ்பானியத் துறவியரின் கொடுமைகளைக் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. ஆட்சியாளருக்கு அஞ்சி முகமன் கூறி வாழும் செல்வரையும், ஸ்பானியரைப்போல் நடித்துத் தம் இனத்தையே இகழும் மாந்தரையும் அதில் படைத்தார். 1896 டிசம்பர் 30-ஆம் நாள், 35-ஆம் வயதில், ஸ்பானிய அரசு அவரைச் சுட்டுக் கொன்றது.

பிலிப்பினோ என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் பெயரால் அத்தீவுகள் வழங்கலாயின. பிலிப்பினோ என்பது முதலில் அத்தீவுகளில் பிறந்த ஸ்பானியரையே குறித்தது. மண்ணின் மக்கள் ‘இந்தியோ’ என்று இழிவாக அழைக்கப்பட்டனர். ரிஸாலும் அவர் காலத்து இளைஞரும் அயலார் இட்ட அப்பெயரைத் தம் மக்கள் அனைவருக்கும் உரிய பெயராக்கிப் பொருள் தந்தனர்.

இனி அக்கட்டுரைக்கு வருவோம். பிலிப்பினோக்கள் சோம்பேறிகள் என்று ஸ்பானியர் ஓயாது கூறிவந்தனர். வேறொருவராயின் வெகுண்டு மறுத்திருப்பார். அல்லது நாணித் தலைகுனிந்திருப்பார். ரிஸால் இரண்டும் செய்யவில்லை. சோம்பல் உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்; அதன் காரணம் யாது என்று வினவினார். வெப்ப நாட்டில் கடும் உழைப்பு எவர்க்கும் அரிது என்றும், பழிகூறும் ஐரோப்பியரே அங்கு வண்டியும் ஏவலாளரும் இன்றி வாழ்வதில்லை என்றும் சுட்டினார். ஸ்பானியர் வருமுன் அம்மக்கள் கடல் வாணிகத்தில் சிறந்திருந்தமைக்குச் சான்றுகள் காட்டினார். போர்களும், கப்பல் கட்டக் கட்டாய வேலையும், உழைத்தவன் பயனைப் பிறர் பறித்தலும் ஊக்கத்தைக் கொன்றன என்று விளக்கினார். அத்துடன் விடாது, ஒரே நாட்டினர் என்னும் உணர்வு தம்மவரிடம் இல்லாமையையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறினார். மருத்துவர் நோயை மறுப்பதுமில்லை, நோயாளியை இகழ்வதுமில்லை அன்றோ?

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பர் புன்னகையுடன், “அரிசி ஏன் வெளியிலிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கவில்லையே!” என்றார். பின்னர் அவரே விளக்கினார். பிலிப்பைன்ஸ் 7,641 தீவுகளின் கூட்டம். தாய்லாந்து, வியட்நாம் நாடுகளில் உள்ளவை போன்ற பரந்த ஆற்றுக் கழிமுகச் சமவெளிகள் அங்கு இல்லை. மலை மிகுதி, நெல் விளையும் நிலம் குறைவு. ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 சூறாவளிகள் அந்நாட்டுக் கடற்பரப்பினுள் புகுகின்றன. இவை இயற்கை வகுத்தவை. பாசனமும் சாலையும் போதாமை மனிதர் செய்த குறை. இரண்டையும் பிரித்தறிந்தாலன்றோ எதைத் திருத்தலாம் என்பது விளங்கும்?

பிலிப்பினோக்களின் வாழ்வில் பெருமையும் குறையும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அம்மக்களுள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அயல்நாடுகளில் வாழ்கின்றனர். உலகின் மருத்துவமனைகளில் அவர்கள் செவிலியர்; கப்பல்களில் அவர்கள் மாலுமிகள். அவர்கள் அனுப்பும் பணம் நாட்டைத் தாங்குகிறது. 1988-இல் குடியரசுத் தலைவர் கொரசான் அக்கினோ அவர்களைப் புதிய வீரர்கள் என்று போற்றினார். அவர்தம் உழைப்பு பெருமைக்குரியது. உள்நாட்டில் வேலையின்றித் தாய் ஒரு நாட்டிலும் பிள்ளை ஒரு நாட்டிலும் வாழ நேர்வது குறையே.

அரசியலும் இத்தகையதே. 1972-இல் படைத்துறைச் சட்டம் பிறப்பித்து ஆண்டவர் பெர்டினண்ட் மார்க்கோஸ். 1986 பிப்ரவரியில், மனிலாவின் எட்சா பெருவழியில் திரண்ட மக்கள் பீரங்கி வண்டிகளின் முன் வெறுங்கையுடன் நின்றனர். நான்கே நாட்களில் அவர் ஆட்சி முடிந்தது. 2022-இல் அவருடைய மகனே மக்கள் வாக்கால் குடியரசுத் தலைவரானார். இரண்டும் ஒரே மக்களின் வரலாறு. ஒன்றை மட்டும் கூறி மற்றொன்றை மறைப்பவர் அவர்களை அறிந்தவராகார்.

நண்பர் தம் நாட்டைப் பழித்ததற்கும் நான் பழித்ததற்கும் வேறுபாடு யாது? அவர் கூறிய ஒவ்வொரு குறையும் அவர் தோளில் அமர்ந்திருந்தது. மறுநாள் வயலில் இறங்கி உழைக்க வேண்டியவர் அவர். நானோ கரையில் நின்று கூறினேன். தன் குறை என்று ஏற்பவனுக்கே அதைத் திருத்தும் உரிமையும் கடமையும் உண்டு. அவ்வாறு ஏற்கும் அஞ்சாமையில் பிறப்பதே பெருமிதம்; குறையை மறைப்பதில் பிறப்பது வெறும் செருக்கு.

நான் அந்நாட்டை விட்டுப் புறப்படுமுன் மற்றொரு முறை நாங்கள் இருவரும் மனிலாவின் நெரிசலில் சிக்கினோம். நண்பர் வழக்கம்போல் பழிக்கத் தொடங்கினார். இம்முறை நான் ஏதும் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் மட்டும் கேட்டேன். ஊர் போய்ச் சேரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார்.