பெரிய சுருளா, சிறிய சுருளா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் என்ற ஊருக்கு அருகே 1980-இல் மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுத்த தங்கக் கட்டியின் எடை 27 கிலோ. 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்று பெயர் பெற்ற அது கிடந்த ஆழம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அதே மண்ணில் அரிசி மணி அளவுத் தங்கத் துணுக்குகளும் மேலாகவே கிடக்கின்றன. இரண்டையும் ஒரே சுருளால் சிறப்பாகத் தேட முடியாது.

டிடெக்டரின் அடியில் உள்ள தட்டுக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். மாறும் மின்னோட்டம் அதில் பாயும்போது காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அது உண்டாக்கும் சிறிய காந்தப்புலத்தைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்பும்.

சுருளின் புலம் எவ்வளவு ஆழம் வரை வலுவாக இருக்கும் என்பதை அதன் விட்டம் தீர்மானிக்கிறது. 8 அங்குலச் சுருளிலும் 16 அங்குலச் சுருளிலும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுகள், ஒரே மின்னோட்டம் என்று கொள்வோம். 5 சென்டிமீட்டர் ஆழத்தில், நடு அச்சில், சிறிய சுருளின் புலமே ஒன்றரை மடங்கு வலுவானது. 30 சென்டிமீட்டரில் நிலைமை தலைகீழ்: பெரிய சுருளின் புலம் இரண்டரை மடங்குக்கும் மேல். பெரிய சுருள் ஆற்றலைப் பரப்பி ஆழத்துக்கு அனுப்புகிறது. சிறியது அதை மேற்பரப்பிலேயே குவிக்கிறது. அதனால்தான் துணுக்குத் தங்கம் சிறிய சுருளுக்குச் சிக்குகிறது.

ஆழம் மட்டும் பார்த்துப் பெரிய சுருளை வாங்கிவிடக் கூடாது. விக்டோரியாவின் செம்மண்ணில் இரும்புத் தாதுக்கள் நிறைய உண்டு. சுருள் பெரிதாகப் பெரிதாக, அது 'பார்க்கும்' மண்ணும் கூடும். அந்தத் தாதுக்கள் எழுப்பும் இரைச்சலில் தங்கத்தின் மெல்லிய ஒலி அமுங்கிப்போகும். பழைய சுரங்க முகாம்களில் ஆணியும் தகரமும் இறைந்து கிடக்கும். அங்கே பெரிய சுருளின் கீழ் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பொருள்கள் வந்துவிடும். சிறியதோ ஆணியையும் அதன் பக்கத்தில் கிடக்கும் தங்கத்தையும் பிரித்துக் காட்டும்.

ஆகவே குப்பை மிகுந்த இடத்துக்கும் புதர் இடுக்குக்கும் சிறிய சுருள். குப்பையற்ற திறந்த வெளியில் ஆழத்தில் கிடக்கும் பெரிய கட்டிக்குப் பெரிய சுருள். புதிய இடத்தை முதலில் அறிய நடுத்தரமான 11 அங்குலச் சுருள். எதுவானாலும் மெதுவாக வீசுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதி படியட்டும். ஆழம் கூடும்போது சுருள் உணரும் பரப்பு குறுகும் என்பதால், இடைவெளி விட்டு வீசினால் எந்தச் சுருளும் தங்கத்தைத் தவறவிடும்.