ஜூன் மாதத்தில் யார் வருவார்கள்?

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்மாவட்டங்களில் குழந்தைகள் இல்லங்களின் வாசலில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். கேக், புதுத்துணி, பிரியாணி அண்டா, கீபோர்டு, ஸ்பீக்கர் சகிதம் ஒவ்வொரு சபையின் வாலிபர் ஐக்கியமும் வந்து இறங்கும். பாட்டு, குறுநாடகம், விளையாட்டு, பரிசு, ஜெபம், குரூப் போட்டோ எல்லாம் முடித்துச் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு மூன்று குழுக்கள் வருவதும் உண்டு. அதே ஆக்‌ஷன் பாட்டுக்குப் பிள்ளைகள் அத்தனை முறையும் சலிக்காமல் கை தட்டுவார்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது அந்த வாசல் வெறிச்சோடிக் கிடக்கும். நோட்டும் ஷூவும், வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு அளவான யூனிஃபார்மும் அப்போதுதான் வேண்டும்.

விடுமுறை நாளை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகக் கைக்காசு போட்டு வருகிற மனசு பெரிய மனசுதான். அது பிள்ளைகளுக்கு முழுதாகப் பயன்பட வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன். ஊழியப் பயணம் போகிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன்: இல்லத்துப் பிள்ளைகளை அன்றாடம் வளர்க்கிறவர்களுக்குக் கை கொடுக்கப் போங்கள்.

நான் பார்த்த ஓர் இல்லத்தில் இது நடந்தது. வரவிருந்த குழுவிடம் வார்டன் அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார்: “பாட்டெல்லாம் அப்புறம் இருக்கட்டும் தம்பி. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன நேரமா வாங்க. தண்ணித் தொட்டி கழுவணும், மெத்தையெல்லாம் வெயில் காணாமக் கிடக்கு.” அப்படியே வந்தார்கள். ஐடிஐ படித்த பையன் கழிப்பறைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாஷர் மாற்றினான். இரண்டு பெண்கள் பட்டன் அறுந்த சட்டைகளை மலைபோல் குவித்துவைத்துத் தைத்தார்கள். பி.காம் மாணவி ஒருத்தி ஸ்டாக் ரெஜிஸ்டரில் விட்டுப்போன பக்கங்களை எழுதிக் கொடுத்தாள். மற்றவர்கள் மொட்டை மாடிக்கு மெத்தைகளைத் தூக்கிப் போய்க் காயவைத்துத் தட்டினார்கள். சமையல்கார அம்மாவுக்கு அன்று ஓய்வு. பையன்களே சாம்பார் வைத்தார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அந்த மெத்தைகளில் விழுந்து புரண்டதைப் பார்க்க வேண்டுமே!

வளர்ப்பவர் மாறாமல் கூடவே இருப்பது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரொமேனியா வலுவான சாட்சி. அங்கே சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சிக் காலத்தில் அரசு விடுதிகளில் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக அடைத்துவைத்திருந்தார்கள். 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், அப்போதும் இத்தகைய விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு தேறியது. ஒருநாள் மடியில் உட்காரவைத்துக் கொஞ்சிவிட்டு, “மறுபடி வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அடுத்தடுத்து வந்தால் பிள்ளை மனசு என்ன பாடுபடும்? வர முடியாது என்று தெரிந்தால் அந்த வாக்கைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

மாறாமல் கூடவே இருந்து வளர்ப்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1895-இல் மிஷனரியாக இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1901-இல் கோயிலிலிருந்து தப்பி வந்த பிரீனா என்ற சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்தார். அதிலிருந்துதான் குழந்தைகளைக் காக்கும் டோனாவூர் ஐக்கியம் வளர்ந்தது. 1951-இல் கண் மூடும்வரை அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. இந்தக் கதை சபைகளில் அடிக்கடி சொல்லப்படுவதுதான். ஆனால் பொன்னம்மாளைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்? இளம் விதவையான அவர் ஏமியோடு சேர்ந்துகொண்டு, நெய்யூர் மருத்துவமனையை ஒட்டி நடந்த குழந்தைகள் காப்பகத்தைக் கவனித்தார். நோயில் விழுந்த பச்சைக் குழந்தைகளுக்குப் பால் புகட்டியதும் இரவு முழுக்கக் கண்விழித்ததும் இப்படிப்பட்ட தமிழ்ப் பெண்கள்தான். இன்றைய வார்டன் அக்காக்களும் சமையல்கார அம்மாக்களும் அவர்களுடைய வரிசையில் வருகிறவர்கள். அவர்களுக்கு எந்த வாலிபர் ஐக்கியமும் சால்வை போர்த்தி நான் பார்த்ததில்லை.

கிளம்புமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, ஆதரவு தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் ஒவ்வொரு இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்காக நடக்கும் இல்லம் அதைச் சந்தோஷமாகக் காட்டும். பார்வையாளர் காசு இல்லங்களை எந்த அளவுக்குக் கெடுக்கும் என்பதைக் கம்போடியாவில் பார்த்தாயிற்று. சுற்றுலாப் பயணிகளின் இரக்கத்தை நம்பியே அங்கே இல்லங்கள் பெருகின. அவற்றில் இருந்த பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபை இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டித் தீர்மானமே போட்டது.

போட்டோ விஷயத்துக்கும் வருகிறேன். அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு, இத்தகைய பிள்ளைகளை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். பள்ளியில் தன்னை யாரென்று சொல்லிக்கொள்ளாமல் படிக்கும் ஒரு சிறுமியின் முகம், “அனாதைப் பிள்ளைகளோடு ஒருநாள்” என்ற தலைப்போடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் சுற்றினால், மறுநாள் வகுப்பில் அவள் எப்படி உட்காருவாள்?

அதோடு, இல்லத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் பெற்றோரை இழந்தவர்கள் இல்லை. அப்பா இறந்து, பீடி சுற்றியோ வயல்வேலைக்குப் போயோ அம்மா தனியாகத் தவிக்கிற வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறக் குடும்பம் என்றால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். பல அம்மாக்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுச் சான்றிதழுக்காக அலைய முடியாது. வாலிபர் ஐக்கியத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், டூவீலர் இருக்கிறது. இந்த வருஷம் உங்கள் சபைத் தெருவில் அப்படி ஒரு அம்மா இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு, வருமானச் சான்றுக்கு விஏஓ அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள்.