ஜெயித்தாலும் திட்டு, தோற்றாலும் திட்டு!
அலபாமா காலேஜ் டீமின் புதிய கோச் படும் பாடு

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா என்று ஓர் ஊர். ஊர் சிறியது, மைதானம் பெரியது. ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கலாம்!

ஆடுவது அலபாமா பல்கலைக்கழகத்தின் கால்பந்து டீம். நம் ஊர் கால்பந்து வேறு, அது வேறு. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரி டீம்காரர்கள் பாய்ந்து வந்து ஆளையே கீழே சாய்ப்பார்கள்.

மைதான வாசலில் 5 சிலைகள் நிற்கின்றன. அரசியல் தலைவர்கள் அல்ல. தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த கோச்சுகள்! அதில் ஒருவர் நிக் சேபன். 2007-ல் வந்தவர். 17 சீசனில் 6 பட்டம் வாங்கித் தந்தார். 2024 ஜனவரி 10-ந்தேதி திடீரென்று ஓய்வு பெற்றார். ரசிகர்கள் திகைத்துப் போனார்கள்.

இரண்டே நாளில் புதிய கோச் வந்தார். பெயர் கேலன் டிபோர். அதற்கு முன்பு வாஷிங்டன் பல்கலைக்கழக டீமை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர். சம்பளம் வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல்!

அந்த செப்டம்பரிலேயே மைதானத்துக்குச் சேபன் பெயரைச் சூட்டினார்கள். பழைய கோச்சின் பெயர் தாங்கிய தரையில் நின்றுதான் புதியவர் வேலை பார்க்க வேண்டும்.

தலையில் தூக்கினார்கள்

செப்டம்பர் 28-ந்தேதி ஜார்ஜியா டீமை 41-34 என்று அலபாமா சாய்த்தது. ரசிகர்களுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆள் கெட்டிக்காரன்யா!" என்று புதிய கோச்சைத் தூக்கி வைத்து ஆடினார்கள்.

ஒரே வாரம்! வாண்டர்பில்ட் டீமிடம் 35-40 என்று அலபாமா மண்ணைக் கவ்வியது. அலபாமா அப்போது நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்தது. வாண்டர்பில்டோ அலபாமாவை ஜெயித்து 40 வருடம் ஆகியிருந்தது. வெற்றி வெறியில் அந்த ஊர் ரசிகர்கள் கோல் கம்பத்தையே பிடுங்கித் தெருத்தெருவாகச் சுமந்துபோய் ஆற்றில் போட்டார்கள்!

அந்த சீசனில் 9 வெற்றி, 4 தோல்வி. வேறு டீமாக இருந்தால் மாலை போடுவார்கள். அலபாமாவில், "சேபன் இருந்தால் இப்படி நடக்குமா?" என்றுதான் கேட்டார்கள்.

ஜன்னலில் செங்கல்!

அலபாமா ரசிகர்களின் கோபம் இன்று நேற்று வந்ததல்ல. பேர் பிரையன்ட் என்ற கோச் 25 வருடத்தில் 6 பட்டம் வாங்கித் தந்துவிட்டு 1982-ல் விலகினார். பிறகு வந்தவர்களில் பில் கரி ஒருவர். 1988-ல் சொந்த மைதானத்தில் ஒரு தோல்வி. அவருடைய ஆபீஸ் ஜன்னலை உடைத்துக்கொண்டு செங்கல் பாய்ந்தது!

மறு வருடம் கரி 10 ஆட்டங்களில் ஜெயித்துக் காட்டினார். ஆனால் பரம வைரியான ஆபர்ன் டீமை 3 வருடமும் ஜெயிக்க முடியவில்லை. கடைசியில் கென்டக்கி டீமுக்குப் போய்விட்டார்.

மறந்துபோன கணக்கு

சேபன் மட்டும் வந்த அன்றே வெற்றிக்கொடி நாட்டினாரா? இல்லை. 2007-ல் அவருடைய முதல் சீசனில் 7 வெற்றி, 6 தோல்வி. லூசியானா-மன்றோ என்ற சின்ன டீமிடம் சொந்த ஊரிலேயே 14-21 என்று தோற்றார். இன்றைக்கு ரசிகர்கள் டிபோரை நிறுத்துப் பார்ப்பது அந்த சேபனோடு அல்ல. 6 பட்டம் வாங்கிய சேபனோடு!

2025-ல் முதல் ஆட்டமே புளோரிடா ஸ்டேட்டிடம் தோல்வி. "ஆளை மாத்து!" என்று கூச்சல் கிளம்பியது. அடுத்து வரிசையாக 8 வெற்றி. கூச்சல் அடங்கியது. 2026 ஜனவரி 1-ந்தேதி இண்டியானா டீமிடம் 3-38 என்று படுதோல்வி. மறுபடியும் முணுமுணுப்பு!

இதில் ஒரு வேடிக்கை. இண்டியானா கோச் கர்ட் சிக்னெட்டிக்கும் அது இரண்டாவது சீசன்தான். சேபனிடம் உதவி கோச்சாக 4 வருடம் இருந்தவர் அவர். தோற்றுத் தோற்றுப் பெயர் கெட்டிருந்த டீம் அது. ரசிகர்கள் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. கிடைத்த ஒவ்வொரு வெற்றியும் அவர்களுக்குத் திருவிழா ஆனது. அந்த டீம் சாம்பியன் பட்டத்தையே தட்டிக்கொண்டு போனது.

டிபோருக்கும் அந்த சீசனில் 11 வெற்றி. 2024-ஐ விட 2 அதிகம். இண்டியானாவில் முன்பெல்லாம் ஒரு சீசனில் அத்தனை வெற்றியைக் கண்டதே இல்லை. அலபாமா ரசிகர்கள் எண்ணிக்கொண்டிருப்பதோ 4 தோல்விகளை!